மார்புக்குள்ளிருந்து ஐந்து நாள் கதிர்வீச்சு: ஒப்புக்கொள்ளலாமா?

தாழை

எனக்கு வயது 58. இடது மார்பில், அக்குள் பக்கமாக, 14 மில்லிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. இரண்டு வாரத்துக்கு முன் கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்சம் திசுவையும் மட்டும் வெட்டி எடுத்தார்கள். மார்பு அப்படியே இருக்கிறது. அக்குளில் நிணநீர் முதலில் வந்து சேரும் இரண்டு முடிச்சுகளையும் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் நோய் இல்லை.

நேற்று கதிர்வீச்சு மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, வெளியிலிருந்து மார்பு முழுவதற்கும் 15 நாள். இன்னொன்று, கட்டி இருந்த குழியைச் சுற்றி மெல்லிய குழாய்களைச் செருகி, அவற்றின் வழியாகக் கதிரியக்கப் பொருளை உள்ளே அனுப்பி, நாளைக்கு இரண்டு வேளையாக ஐந்தே நாளில் முடிப்பது. "உங்களுக்கு இரண்டுமே பொருந்தும் போலத் தெரிகிறது, யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார். அந்த அவகாசம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இதைத்தான் செய்ய வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

மனத்தில் உறுத்துவது இதுதான். ஓரிடத்துக்கு மட்டும் கொடுத்தால், மார்பின் மற்ற பகுதியில் ஒளிந்திருப்பதை யார் பார்ப்பது? அடுத்தது, வீட்டில் எட்டு மாதப் பேத்தி இருக்கிறாள். உள்ளே கதிரியக்கத்தை வைத்துக்கொண்டு அவளைத் தூக்கலாமா? இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம்.

அந்திவானம்

தாழை, நான் செய்துகொண்டேன். நான்கு ஆண்டு ஆகிறது. அப்போது எனக்கு 61. கேட்டபடியே உள்ளதை எழுதுகிறேன்.

எனக்கு 14 குழாய்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செருகினார்கள். கண் விழித்துக் குனிந்து பார்த்தபோதுதான் உடல் நடுங்கியது. மார்பின் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளிவந்து, இரண்டு முனையிலும் பொத்தான் போட்ட குழாய்கள், வரிசையாக. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த நடுக்கம் பாதியாகக் குறைந்திருக்கும். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வலி? முதல் இரண்டு நாள் இருந்தது, மாத்திரைக்கு அடங்கியது. கதிர்வீச்சு கொடுக்கும்போது ஒன்றுமே தெரியாது. குழாய்களை இயந்திரத்தோடு இணைத்துவிட்டு எல்லோரும் அறையை விட்டுப் போய்விடுவார்கள். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டும் இருப்பார்கள். ஒவ்வொரு குழாயாக மாறும்போது இயந்திரம் "டக்" என்று ஒலிக்கும். எனக்கு எட்டு நிமிடம் போல ஆகும். அந்த டக்குகளை எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன்.

கடினமாக இருந்தது இடைப்பட்ட நேரம்தான். மல்லாந்துதான் படுக்க வேண்டும். குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். குழாய் நுழையும் இடங்களை நாள்தோறும் சுத்தம் செய்து கட்டு மாற்றினார்கள். ஆறாம் நாள் குழாய்களை உருவியபோது கொஞ்சம் இரத்தம் வந்தது, அழுத்திப் பிடித்ததும் நின்றது. தழும்புகள் புள்ளி புள்ளியாக இருந்து ஓராண்டில் மங்கிவிட்டன.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். இரண்டாம் ஆண்டு, அதே இடத்தில் கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. மேமோகிராமிலும் நிழல். மீண்டும் ஊசி வைத்துப் பயாப்ஸி. முடிவு வரும்வரை ஒன்பது நாள் நான் நானாக இல்லை. கடைசியில் அது கொழுப்புத் திசு செத்துக் கெட்டிப்பட்டது என்று வந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு இப்படி வருவது அறிந்த விஷயம்தானாம். அறிந்தவர்கள் முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம். சிகிச்சைமீது எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒன்பது நாள்மீதுதான் வருத்தம்.

கார்முகில்

தாழை அக்கா, மற்றவர்கள் கருத்துச் சொல்வதற்கு முன் திசு அறிக்கையில் உள்ளதை எழுதுங்கள். கட்டியின் வகை, தரம், வெட்டு விளிம்பில் எத்தனை மில்லிமீட்டர் சுத்தம், ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) உண்டா, ஹெர்-2 என்ற புரதம் மிகுதியா, நிணநீர்க் குழாய்களுக்குள் செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்ற வரி. இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

தாழை

அறிக்கை கையில் இருக்கிறது, கார்முகில். பால் குழாயில் தோன்றி வெளியே பரவிய வகை, தரம் 2. மிகக் கிட்டிய விளிம்பு 3 மில்லிமீட்டர். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இரண்டும் உண்டு. ஹெர்-2 இல்லை. நிணநீர்க் குழாய், இரத்தக் குழாய் நுழைவு "காணப்படவில்லை".

அந்திவானம், உங்கள் ஒன்பது நாளை நினைத்து வருந்துகிறேன். எழுதியதற்கு நன்றி.

நிறைகுடம்

மருத்துவ இயற்பியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இயந்திரங்களோடு பல ஆண்டுகள் கழித்திருக்கிறேன். பேத்தியைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஐயத்துக்கே இடமில்லை. தூக்கலாம். ஒவ்வொரு வேளையும் சிகிச்சை முடிந்ததும் கதிரியக்கப் பொருள் இயந்திரத்தின் கவசப் பெட்டிக்குத் திரும்பிவிடும். உங்கள் உடலில் இருப்பவை வெறும் பிளாஸ்டிக் குழாய்கள். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா, அதுபோலத்தான். விதை போன்ற கதிரியக்கத் துண்டுகளை நிரந்தரமாகப் பதித்துவிடும் சிகிச்சைகளும் உண்டு, அவற்றுக்குத்தான் எச்சரிக்கைகள் தேவை. உங்களுக்குச் சொல்லப்பட்டது அது அன்று. குழாய்கள் இருக்கும்வரை குழந்தை அவற்றைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவலை அது ஒன்றுதான்.

உள்ளே போய் வருவது பெரும்பாலும் இரிடியம்-192. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மணி, மெல்லிய கம்பியின் நுனியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் அரை ஆயுள் 74 நாள். ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போலப் புதியதை மாற்றுவோம். பழையதாக ஆக வீரியம் குறையும், அதற்கேற்ப ஒரு வேளைக்கான நிமிடங்கள் கூடும். நோயாளிக்குச் சேரும் அளவு மாறாது. கம்பி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சென்று, குறித்த இடத்தில் குறித்த விநாடிகள் நின்று, அடுத்த இடத்துக்கு நகரும். அந்த விநாடிகளைக் கணக்கிடுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்திவானம் எண்ணிய ஒவ்வொரு "டக்"குக்கும் பின்னால் யாரோ ஒருவர் இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இருக்கிறது.

உள்ளிருந்து கொடுப்பதன் பலம் தூரத்தில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டரில் கிடைக்கும் அளவு, இரண்டு சென்டிமீட்டரில் ஏறத்தாழக் கால் பங்காகும், மூன்றில் ஒன்பதில் ஒரு பங்கு. வெளியிலிருந்து வரும் கற்றை இலக்கை அடையத் தோலையும் நல்ல திசுவையும் கடந்துதான் ஆக வேண்டும். உள்ளிருப்பதற்கு அந்தத் தேவை இல்லை. அதனால் குழியைச் சுற்றிய திசுவுக்கு நிறைவாகவும், நுரையீரலுக்கும் எதிர் மார்புக்கும் மிகக் குறைவாகவும் கொடுக்க முடிகிறது. ஆனால் இதே விதி தவறையும் பெரிதாக்கும். குழாய் சில மில்லிமீட்டர் விலகினாலும் அளவு கணிசமாக மாறிவிடும். குழாய்களைச் செருகிய பின் சி.டி. எடுத்துக் கணக்குப் போடுவதும், ஒவ்வொரு வேளைக்கும் முன் சரிபார்ப்பதும் அதனால்தான். இந்த முறையில் நிறையச் செய்து பழகிய குழுவா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கேளுங்கள்.

இடது மார்பு என்பதால் இதயத்தைப் பற்றியும் ஒரு சொல். 2013இல் வந்த ஆய்வு, இதயத்துக்குச் சேரும் சராசரி அளவு ஒரு கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கூடும்தோறும் மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகளின் வாய்ப்பு 7.4 விழுக்காடு உயர்வதாகக் கண்டது. உங்கள் கட்டி அக்குள் பக்கம் இருந்தது, இதயத்திலிருந்து தள்ளி. உள்முறை அங்கே நன்றாகவே காப்பாற்றும். கட்டி மார்பின் உள்கீழ்ப் பகுதியில், இதயத்துக்கு நேர் மேலே இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வெளிமுறையிலும் மூச்சை ஆழ இழுத்துப் பிடிக்கச் செய்து இதயத்தை விலக்கும் உத்தி இப்போது இருக்கிறது. இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இது நேற்று வந்த யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். மார்பை முழுவதுமாக, அடித்தசையோடு சேர்த்து அகற்றுவதே விதியாக இருந்த 1920களில், லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர் ரேடியம் ஊசிகளை மார்பில் பதித்து, பெண்களை அந்தப் பெரிய அறுவையிலிருந்து காக்க முயன்றார். அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை.

வேலமரம்

என் மனைவிக்கு மூன்று ஆண்டுக்கு முன் முழு மார்புக்கும் கொடுத்தார்கள். அப்போது இதையெல்லாம் நானும் தேடிப் படித்தேன். இங்கே ஒரு பக்கம் மட்டும் பேசப்படுவதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 1184 பெண்களை வைத்துச் செய்த ஜெக்-எஸ்ட்ரோ ஆய்வு, இதே குழாய் முறையைத்தான் முழு மார்புக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டது. ஐந்தாண்டு முடிவில் அதே மார்பில் நோய் திரும்பியது குழாய் முறையில் 1.44 விழுக்காடு, முழு மார்பு முறையில் 0.92 விழுக்காடு. பத்தாண்டு முடிவு 2023இல் வந்தது, அதே வரிசையில்: 3.51, 1.58. இரண்டு மடங்குக்கு மேல்! வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது. பதினைந்தாம் ஆண்டில் என்ன ஆகும்? தாழை அவர்களுக்கு 58தான். அவர் 80, 85 வரை வாழப்போகிறவர். பத்து நாள் அலைச்சலை மிச்சம் பிடிக்க இந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

செம்பருத்தி

எனக்கு இந்தச் சிகிச்சை மறுக்கப்பட்டது. அப்போது வயது 38. கட்டி 11 மில்லிமீட்டர்தான், முடிச்சுகள் சுத்தம். கைக்குழந்தையோடு இருந்தேன், ஐந்து நாளில் முடியும் என்று கேள்விப்பட்டதும் அதையே பிடித்துக்கொண்டேன். மருத்துவர் முடியாது என்றார். வயது 40க்குக் கீழ், அதோடு மரபணுச் சோதனையில் பிஆர்சிஏ1 என்ற, மார்புப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம். அறையை விட்டு வெளியே வந்து அழுதேன். எனக்கு எதுவுமே எளிதாக அமையக் கூடாது என்று யாரோ முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது.

பிறகு இன்னொரு நாள் அவரே உட்கார வைத்து விளக்கினார். ஓரிடத்துக்கு மட்டும் கொடுப்பது, அந்த ஓரிடம்தான் ஆபத்து என்று நம்ப இடமுள்ளவர்களுக்கு. என் உடலில் மார்பின் ஒவ்வொரு செல்லும் அந்த மாற்றத்தைச் சுமக்கிறது. எனக்கு "அந்த ஓரிடம்" என்று ஒன்று கிடையாது. அன்று அந்தப் பேச்சு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்கலாம்.

வேலமரம் ஐயா சொல்வதுபோல அலைச்சலுக்காக மட்டும் யாரும் இதை எடுக்கக் கூடாது. ஆனால் தாழை அக்காவின் அறிக்கையைப் படித்தால், எனக்கு மூடிய கதவு அவருக்குத் திறந்திருக்கிறது. திறந்திருக்கும் கதவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் அக்கா.

மருதம்

கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவராகப் பணிபுரிகிறேன். தாழை அவர்களைப் பரிசோதிக்காமல் அவருக்கு அறிவுரை கூற மாட்டேன். எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வேலமரம் சொன்ன எண்கள் சரியானவை. அவற்றைப் படிக்கும் விதத்தில்தான் எனக்கு வேறு கருத்து. இரண்டு மடங்கு என்பது உண்மை, நூறு பெண்களில் இரண்டு பேருக்கும் குறைவான வேறுபாடு என்பதும் உண்மை. அந்த ஆய்வின் புள்ளியியல் அளவுகோலில் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. பின்னாளில் வரும் கடுமையான பக்கவிளைவுகள் குழாய் முறையில் குறைவு.

முதல் கேள்விக்கு, மற்ற இடத்தில் ஒளிந்திருப்பது பற்றிய கேள்விக்கு, இன்னும் யாரும் நேராக விடை சொல்லவில்லை. 1976இல் தொடங்கிய பி-06 ஆய்வு 1851 பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்தது. கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுக்காமல் விட்டவர்களில் 39.2 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் நோய் வந்தது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3. இப்படிப்பட்ட ஆய்வுகளில் திரும்பிய நோய் எங்கே முளைத்தது என்று பார்த்தபோது, பெரும்பாலும் பழைய கட்டியின் அருகிலேயே இருந்தது. தொலைவான பகுதிகளில் தோன்றியவை கதிர்வீச்சு பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. அவை ஒளிந்திருந்த பழைய நோய் அல்ல, புதிதாகத் தோன்றியவை என்றே பலர் கருதுகிறோம். பகுதிக் கதிர்வீச்சு முழுவதும் இந்தக் கவனிப்பின்மேல்தான் நிற்கிறது. அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகும் ஆண்டுதோறும் இரு மார்புக்கும் மேமோகிராம் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

2019இல் வெளியான பி-39 ஆய்வு இன்னும் பெரியது, 4216 பெண்கள். பத்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது பகுதிக்கு மட்டும் கொடுத்தவர்களில் 4.6 விழுக்காடு, முழு மார்புக்கும் கொடுத்தவர்களில் 3.9. சமம் என்று அறிவிக்க முன்கூட்டியே வகுத்திருந்த வரம்பை அது மயிரிழையில் தாண்டிவிட்டது. ஆகவே எல்லோருக்கும் சமம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதில் இளையவர்கள், ஹார்மோன் ஏற்பி இல்லாதவர்கள், முடிச்சில் நோய் இருந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்களும் இருந்தார்கள், பகுதிச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது வெளியிலிருந்தே கொடுக்கப்பட்டது. இன்று நாங்கள் தேர்ந்தெடுப்பது குறுகிய கூட்டம். அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் 40 வயது நிறைந்து, கட்டி 2 சென்டிமீட்டருக்குள், தரம் 1 அல்லது 2, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்களுக்கு உறுதியாகப் பரிந்துரைக்கிறது. முடிச்சில் நோய், விளிம்பில் நோய், பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்கிறது.

வேலமரத்தோடு நான் முழுவதும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. நாள் கணக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஆறு வாரத்துக்கு எதிராக ஐந்து நாள் என்பது பெரிய சலுகை. பிரிட்டனில் 4096 பேரை வைத்துச் செய்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, வெளியிலிருந்து முழு மார்புக்கும் ஐந்தே வேளையில் 26 கிரே கொடுப்பது மூன்று வாரச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 2020இல் காட்டிவிட்டது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில், குழி இருந்த பகுதிக்கு மட்டும் வெளியிலிருந்து ஐந்து வேளையில் 30 கிரே கொடுத்துப் பத்தாண்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். குழாயே தேவையில்லை. ஆக, "சீக்கிரம் முடியும்" என்பது இன்று உள்முறையின் தனிச்சொத்து அல்ல. நல்ல திசு எவ்வளவு தப்புகிறது என்பதே பேச வேண்டியது.

நீரோடை

அறுவை மேசையிலேயே ஒரே வேளையில் முடிக்கும் முறையும் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? எனக்கு அப்படித்தான் செய்தார்கள். கட்டியை எடுத்ததும் குழிக்குள் உருண்டையான கருவியை வைத்து அரை மணி நேரம் மென்மையான எக்ஸ் கதிர், பிறகு தையல். மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து வந்த திசு அறிக்கையில் ஒரு முடிச்சில் நோய். மறுபடி வெளியிலிருந்து முழு மார்புக்கும் கொடுத்தார்கள். ஏமாற்றம் தாங்க முடியவில்லை.

மருதம்

நீரோடை, உங்களுக்கு நேர்ந்தது அந்த முறையின் இயல்பிலேயே இருக்கிறது. திசு அறிக்கை வருவதற்கு முன்பே கதிர்வீச்சு கொடுக்கப்படுகிறது. அந்த முறையைச் சோதித்த டார்கிட்-ஏ ஆய்வில் இதை முன்பே திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அறுவையின்போதே சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் முழு மார்புக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்தாண்டில் நோய் திரும்பியது ஒரே வேளை முறையில் 2.11 விழுக்காடு, வழக்கமான முழு மார்பு முறையில் 0.95. மிலானில் எலக்ட்ரான் கற்றையால் ஒரே வேளையில் 21 கிரே கொடுத்த எலியட் ஆய்வில் 15 ஆண்டில் அதே வரிசையில் 12.6, 2.4. கடைசி எண் எனக்குக் கவலை தருகிறது. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்க அது ஏற்றதன்று. தாழை அவர்களின் அறுவை முடிந்துவிட்டதால் இங்கே இதை நீட்ட வேண்டியதில்லை.

பனித்துளி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 74. சிறிய கட்டி, ஹார்மோன் ஏற்பி உண்டு, முடிச்சு சுத்தம். கதிர்வீச்சே வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்றார் மருத்துவர். வயதானவர் என்று கைவிடுகிறாரோ?

மருதம்

கைவிடுதல் அன்று. பிரைம்-2 என்ற ஆய்வில் 65 வயது நிறைந்த 1326 பெண்கள், எல்லோரும் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்கள். பத்தாண்டில் மார்பில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாமல் 9.5 விழுக்காடு, கதிர்வீச்சோடு 0.9. உயிர்வாழ்வு இரு பக்கமும் ஏறத்தாழ 81 விழுக்காடு. அம்மா ஐந்தாண்டு மாத்திரையைத் தவறாமல் எடுப்பாரா, மறுபடி ஓர் அறுவை என்றால் தாங்குவாரா என்று அவரிடமே கேளுங்கள். தனி இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.

வேலமரம்

மருதம், நூற்றில் இரண்டு என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டில் ஒருத்தி என் மனைவியாக இருந்தால் அவளுக்கு அது நூறு. முடிச்சு எடுத்த நாள் முதல் நான் எண்களை இப்படித்தான் படிக்கிறேன், மாற்றிக்கொள்ள முடியவில்லை. தாழை சகோதரி, என் பதிவு உங்களைப் பயமுறுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையோடு வைத்துப் பார்க்கையில் அந்த எண்கள் எனக்கே முன்புபோல அச்சம் தரவில்லை.

தாழை

பயமுறுத்தவில்லை, ஐயா. உங்கள் எண்களைத்தான் தாளில் எழுதி இன்று மருத்துவரிடம் எடுத்துப் போனேன்.

எல்லோர் பதிவையும் மூன்று முறை படித்துவிட்டுப் போனதால் இந்த முறை நான் பேசினேன், அவர் கேட்டார். எத்தனை பேருக்கு இதுவரை செய்திருக்கிறீர்கள் என்று நிறைகுடம் சொன்னபடி கேட்டேன். முகம் சுளிக்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எவ்வளவு சேரும் என்று இரண்டு முறைக்கும் சி.டி. படத்தின்மேல் வண்ணக் கோடுகளாகக் காட்டினார். வெளிமுறையில் மூச்சைப் பிடித்தால் இதயம் நன்றாகவே விலகுகிறது. வேறுபாடு நான் நினைத்த அளவுக்கு இல்லை. நுரையீரலிலும் தோலிலும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரே குழாயின் நுனியில் பலூன் வைத்து ஊதிக் குழியை நிரப்பும் வகை ஒன்று இருக்கிறதாம், 2002 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பதினான்கு துளைக்குப் பதில் ஒரே துளை. அதைச் செய்யுங்கள் என்றேன். என் குழி தோலிலிருந்து 4 மில்லிமீட்டர்தான். பலூன் வைத்தால் மேல்தோல் வெந்து பின்னர் நிறம் மாறிச் சுருங்கும் என்று மறுத்துவிட்டார். பல குழாய் முறையில் தோல் பக்கத்துக் குழாய்களில் விநாடிகளைக் குறைத்துச் சமாளிக்கலாமாம். நிறைகுடம் எழுதியதைப் படிக்காமல் போயிருந்தால் இந்த ஒரு வாக்கியமும் எனக்குப் புரிந்திருக்காது.

உள்முறைக்கே ஒப்புக்கொண்டேன். காரணத்தை எனக்கே தெளிவாகச் சொல்லிப் பார்த்தேன்: நாள் குறைவு என்பதற்காக அல்ல. நோய் இருந்த இடம் சிறியது, அந்த இடத்தோடு முடியட்டும், மீதி உடல் எனக்கு வேண்டும். என்றாவது அதே மார்பில் வேறு இடத்தில் வந்தால் அப்போது பார்த்துக்கொள்வேன், அதை அறிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். வரும் வாரம் குழாய்.

அந்திவானம்

அப்படியானால் இவற்றை எடுத்துவையுங்கள். முன்பக்கம் முழுவதும் திறக்கும் தளர்ந்த பருத்திச் சட்டை ஐந்தாறு. தலைமாட்டை உயர்த்த இரண்டு தலையணை, கைக்கு அடியில் வைக்க ஒன்று. முதல் இரண்டு நாள் கழிவறைக்குப் போகவும் யாராவது கூட இருக்கட்டும். காய்ச்சல், சிவப்பு, குழாய் ஓரத்தில் சீழ் என்று எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். இரண்டு வேளைக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுவார்கள், நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ள. அந்த நேரத்தில் தூங்குங்கள். முதல் முறை குனிந்து பார்க்கும்போது தனியாக இருக்காதீர்கள்.

தாழை

பத்து வேளையும் முடிந்தன. மொத்தம் 34 கிரே. எனக்கு 16 குழாய்கள். முதல் முறை குனிந்து பார்த்தபோது என் மகள் கையைப் பிடித்திருந்தாள், அந்திவானம். நடுங்கத்தான் செய்தது, ஆனால் இது எதற்கென்று தெரிந்த நடுக்கம்.

நான்காம் நாள் இரவு ஒரு குழாய் ஓரத்தில் நீர் கசிந்தது. இரவே சொன்னேன், ஆண்டிபயாடிக் தொடங்கினார்கள், காய்ச்சல் வரவில்லை. மறுநாள் காலை அந்தக் குழாய் நகர்ந்திருக்கிறதா என்று மீண்டும் சி.டி. எடுத்துச் சரிபார்த்த பிறகே சிகிச்சை கொடுத்தார்கள். அதற்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். நிறைகுடம் எழுதியது நினைவிருந்ததால் அந்தக் காத்திருப்பில் எரிச்சல் வரவில்லை.

நேற்று உருவிவிட்டார்கள். பதினாறு பொத்தான்களும் ஒரு கிண்ணத்தில் விழுந்த ஒலியைக் கேட்டேன். அடுத்த வாரம் முதல் ஹார்மோன் மாத்திரை, ஐந்தாண்டுக்கு. ஆறு மாதத்தில் முதல் மேமோகிராம். இரண்டாம் ஆண்டில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் கொழுப்பு கெட்டிப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதை மருத்துவர் தாமாகவே சொன்னார். நான் தலையசைத்துவிட்டு, எனக்குத் தெரியும் என்றேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இடது கையால் பேத்தியைத் தூக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? கேட்க மறந்துவிட்டேன்.

அந்திவானம்

எனக்கு இரண்டு வாரம் என்றார்கள், முடிச்சு எடுத்த பக்கம் என்பதால். நாளை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அதுவரை உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.